பம்ப் ரூம் வளைவில் ஒரு சிவப்பு பல்பு

அக்டோபர் 4, புதன்

பேச்சியம்மா அக்காவை இன்னிக்கு மத்தியானம் புதைச்சோம். பெட்டியைக் கடைசி வரைக்கும் திறக்கவே இல்லை. திறக்கற மாதிரி இல்லைன்னு ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாங்களாம். அவங்க புருஷன் மாடசாமி மாமா அழவே இல்லை. பேரன் கௌதமை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

நடந்தது பம்ப் ரூம் வளைவுல. மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புல இறங்கி எங்க மேப்பாறை எஸ்டேட்டுல வரிசையா இருக்கற லைன் வீட்டுக்கு வர்ற அரைக் கிலோமீட்டர் பாதை. ரெண்டு பக்கமும் தேயிலை, நடுவுல ஓடை, ஓடைக்கரையில பம்ப் ரூம். அந்த வளைவுல திரும்பறவரைக்கும் அந்தப் பக்கம் யார் நிக்கறாங்கன்னு தெரியாது. அக்கா திரும்பியிருக்காங்க. பெரியவர் நின்னுருக்கார்.

இங்கே யாரும் பேரைச் சொல்ல மாட்டோம். காட்டுல இருந்து தும்பிக்கையோட இறங்கி வர்றவரைப் பெரியவர்னுதான் சொல்லுவோம். கர்த்தரைக் கும்பிடற வேதக்காரன் நானும் அப்படித்தான் சொல்றேன். டைரியில அந்தப் பேரை எழுதக்கூட கை வர மாட்டேங்குது.

என் மக அபிஷா தினமும் சாயங்காலம் அஞ்சு இருபதுக்கு அதே பஸ்ஸுல இறங்கி அதே வளைவுல வர்றா. நாலாங்கிளாஸ். அவகூட கௌதமையும் சேர்த்து இன்னும் அஞ்சு பிள்ளைங்க.

சாப்பிடறப்ப என் சம்சாரம் லில்லி சொன்னா: “டி.சி. வாங்கிடுங்க. திருப்பூர்ல எங்கண்ணன் பார்த்துக்குவான்.”

“கடையை என்ன பண்றது? தலையில தூக்கிட்டு வரவா?”

“கடைதான் பெருசுன்னா நீங்க இருங்க. நானும் பிள்ளையும் போறோம்.”

வால்பாறை மார்க்கெட்டுல பதினோரு வருஷமா செல்போன் ரிப்பேர் பண்றேன். ஞானராஜ் கடைன்னா குழந்தைகூட வழி காட்டும். திருப்பூர்ல நான் யாரு?

அக்டோபர் 5, வியாழன்

காலையில பிள்ளைங்களை பஸ் ஏத்த எல்லாரும் கூட்டமாப் போனோம். பெரியவர் ஒதுங்கிப் போகட்டும்னு முன்னாடி ஒருத்தர் அலுமினியத் தட்டைக் கரண்டியால அடிச்சுக்கிட்டே போறது இங்கே வழக்கம். இன்னிக்கு மாமா அடிச்சார். அடிச்ச அடியில தட்டு நெளிஞ்சே போச்சு.

அக்டோபர் 6, வெள்ளி

ராத்திரி அபிஷா தூக்கத்துல காலை உதைச்சுக்கிட்டே இருந்தா. என்ன கனவுன்னு கேட்கலை. கேட்க பயம்.

அக்டோபர் 7, சனி

கோயம்புத்தூர் போயிட்டு வந்தேன். நாப்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறி இடுப்பு போச்சு.

யோசனை இதுதான். வளைவைப் பார்த்த மாதிரி பம்ப் ரூமுல ஒரு கேமரா. பெரியவரைப் பார்த்ததும் கண்டுபிடிக்கிற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். கண்டுபிடிச்சா மேல கம்பத்துல சிவப்பு பல்பு எரியணும். பஸ் ஸ்டாப்புல இருந்தும் தெரியும், லைன் வீட்டுல இருந்தும் தெரியும். எரிஞ்சா நில்லு, எரியலைன்னா போ. பழைய போனை வச்சு ஏற்கெனவே ஒண்ணு பண்ணிப் பார்த்தேன். ரெண்டே நாள்ல பேட்டரி பூரி மாதிரி உப்பிருச்சு.

காந்திபுரத்துல ஒரு சந்துக்குள்ள எலக்ட்ரானிக்ஸ் கடை. கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனுஷன். மூணு போர்டை எடுத்து மேசையில வச்சார். ஒண்ணு சூயிங்கம் பாக்கெட் அளவு. ரெண்டாவது உள்ளங்கையில அடங்குது. மூணாவதும் அதே அளவுதான், ஆனா ஃபேன் வச்சே ஆகணுமாம்.

“என்ன வேலைக்கு தம்பி?”

சொன்னேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அப்புறம் சின்னதைத் தள்ளி வச்சார். “இது படத்தைப் பார்த்து யோசிக்கிறதுக்குள்ள அது உங்களைத் தாண்டிப் போயிரும். பெருசுல ஃபேன் ஓடும், உங்க ஊர் ஈரத்துக்கு ஃபேன் மாட்டிக்கும். நடுவுல இருக்கறதை எடுங்க, நாலு ஜிபி.”

கையில வாங்கினேன். இத்தனை வருஷம் போன் போர்டைப் பிரிச்சவன் நான். இருந்தாலும் இது ஒரு முழுக் கம்ப்யூட்டர்னு நம்ப முடியலை. ரொட்டித் துண்டு கனம்கூட இல்லை.

“இதோட அடாப்டரையும் வாங்கிக்கங்க. கண்ட சார்ஜர்ல ஓட்டாதீங்க. கேமரா, பல்பைப் போடற ரிலே எல்லாம் மாட்டினா கரண்ட் பத்தாது, நடுவுல செத்துரும்.”

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. “சார், நான் சார்ஜர்லயே குடித்தனம் நடத்தறவன். கொல்லன் தெருவுல ஊசி விக்காதீங்க.”

அவர் சிரிச்சார். “வேலை உங்களோடது, தம்பி” அப்படின்னார். அடாப்டர் வாங்கலை, என் கடையில கிடக்கற சார்ஜரே போதும்னு வந்துட்டேன்.

அக்டோபர் 11, புதன்

நாலு நாளா இதே வேலை. பெரியவரோட ஆயிரக்கணக்கான படத்தைக் காட்டிப் பழக்கின ப்ரோக்ராம் ஒண்ணு இன்டர்நெட்டுல கிடைச்சுது. போர்டுல ஏத்திட்டேன். டிவியில மாட்டி ஓட்டிப் பார்த்தா திரை மூலையில மஞ்சளா ஒரு மின்னல் குறி வந்து வந்து போகுது. அதை மறைக்க ஒரு வரி இருக்குன்னு யாரோ போட்டிருந்தாங்க. எழுதி மறைச்சுட்டேன். கண்ணை உறுத்திக்கிட்டு.

அபிஷாகிட்டப் பெரியவர் பொம்மை ஒண்ணைக் கேமரா முன்னாடி ஆட்டச் சொன்னேன். பல்பு எரிஞ்சுது. குதிச்சா பாரு ஒரு குதி! அக்கா போனதுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் பிள்ளை சிரிக்கறதைப் பார்த்தேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போகலை. கர்த்தர் மன்னிக்கணும். காலையில இருந்து பம்ப் ரூமுலதான். எஸ்டேட் ஆபீஸ் வைஃபை அங்கே வரைக்கும் எட்டுது. கேட்டதும் மேனேஜர் சரின்னுட்டார். நிமிஷத்துக்கு ஒரு படம் என் போனுக்கு வர்ற மாதிரி பண்ணியிருக்கேன். போனைத் திறந்தா கடைசியா வந்த படம் மேல நிக்கும்.

முதல்ல பல்பு எரிஞ்சது மாடசாமி மாமாவுக்கு. கறுப்பு மழைத் தாளைத் தலையோட போர்த்திக்கிட்டுக் குனிஞ்சு வந்தார், பளிச்சுன்னு எரிஞ்சிருச்சு. லைன் வீட்டு ஜனமே கைகொட்டிச் சிரிக்குது. “மாப்ள, உன் மிஷினுக்கு என்னைப் பார்த்தா பெரியவர் மாதிரி தெரியுதா?” அப்படின்னு அவரும் சிரிச்சார். சிரிச்ச வாயோட அப்படியே உட்கார்ந்து அழுதார். எட்டு அடி தள்ளித்தான் அக்கா கிடந்த இடம்.

சாயங்காலத்துக்குள்ள கணக்கைக் கொஞ்சம் இறுக்கிட்டேன். இனி மழைத் தாளுக்கெல்லாம் எரியாது.

அக்டோபர் 16, திங்கள்

காலையில பார்த்தா படம் வரலை. போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். ஓடுது.

அக்டோபர் 19, வியாழன்

இன்னிக்குச் சந்தோஷம்தான், ஆனா பயமும் அதுக்குள்ள இருக்கு.

அஞ்சு பத்துக்குப் படத்துல ரெண்டு பெரியவர், ஒரு குட்டி. ஓடையில தண்ணி குடிச்சுட்டு அப்படியே பாதையில ஏறி நிக்குது. பல்பு எரிஞ்சுது. பஸ்ஸுல இருந்து இறங்கின பிள்ளைங்க பல்பைப் பார்த்துட்டு ஸ்டாப்புலேயே நின்னுட்டாங்க. டிரைவர் அண்ணன் பஸ்ஸை எடுக்காம நாப்பது நிமிஷம் கூட நின்னார். அதுங்க தேயிலைக்குள்ள இறங்கிப் போனதும் பல்பு அணைஞ்சுது. ஆறு பேரும் பத்திரமா வீடு வந்தாங்க.

லில்லி என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. கல்யாணம் ஆகி பன்னெண்டு வருஷத்துல அப்படிப் பண்ணினதே இல்லை. “உங்களைப் போய் என்னென்னமோ பேசிட்டேங்க” அப்படின்னா.

அபிஷாகிட்டச் சொல்லியிருக்கேன். “எரிஞ்சா நில்லு. எரியலைன்னா அங்கே பெரியவர் இல்லைன்னு அர்த்தம். பயப்படாம வா. அப்பா பார்த்துக்கிட்டே இருக்கேன்.”

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. மாமா பம்ப் ரூமுக்குப் பொரி, பழம், சந்தனம் எல்லாம் கொண்டுவந்துட்டார். போர்டு மேல பொட்டு வைக்கப் போனார். ஐயோ மாமா, ஷார்ட் ஆயிரும்னு டப்பா மேல வைக்கச் சொன்னேன். பல்புக் கம்பத்துக்கு மாலை. “இது மூணு வாரம் முந்தி வந்திருந்தா அவ இருந்திருப்பா” அப்படின்னார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

இப்பல்லாம் யாரும் தட்டு அடிக்கறதில்லை. எதுக்கு அந்தச் சத்தம்னு நானேதான் சொன்னேன். கூட்டம் சேரவும் காத்திருக்கறதில்லை. பல்பைப் பார்க்கறாங்க, அவங்கவங்க பாட்டுக்குப் போறாங்க.

அக்டோபர் 27, வெள்ளி

மறுபடியும் நின்னுச்சு. ஆஃப், ஆன். வெயில்ல சூடாகியிருக்கும்.

அக்டோபர் 30, திங்கள்

லில்லி அவங்க அண்ணனுக்குப் போன் போட்டு நாங்க வரலைன்னு சொல்லிட்டா. டி.சி.க்கு எழுதி வச்சிருந்த லெட்டரை அடுப்புல போட்டு டீ வச்சுக் கொடுத்தா. இவ்வளவு ருசியா டீ குடிச்சு எத்தனை நாளாச்சு!

மேனேஜர் எஸ்டேட்டோட மத்த ரெண்டு டிவிஷனுக்கும் இதே மாதிரி கேட்கறார். அடுத்த வாரம் ஆபீஸ்ல கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போர்த்தறாங்களாம்.

நவம்பர் 2, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதறேன்.

அஞ்சு மணி இருக்கும். கடைத் தகரத்துல மழை கல்லெடுத்து எறியற மாதிரி அடிக்குது. ஒரு போனுக்கு டிஸ்ப்ளே மாத்திக்கிட்டிருந்தேன். போனுக்குச் சொந்தக்காரப் பையன் எதிர்ல ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தான். லில்லி கூப்பிட்டா.

“ஏங்க, இங்கே மழை ஊத்துது. நான் ஸ்டாப்புக்குப் போய்ப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரவா?”

ஸ்க்ரூவைப் பல்லுல கடிச்சுக்கிட்டே என் போனைத் திறந்து படத்தைப் பார்த்தேன். பாதை சுத்தமா இருந்துச்சு.

“வேண்டாம். எதுக்கு நனையறே? பார்த்துக்கிட்டுத்தான் பேசறேன். ஒண்ணுமே இல்லை. தானா வந்துருவாங்க.”

“பல்பும் எரியலைதான். சரி, அப்ப நான் டீக்குத் தண்ணி வைக்கறேன்.”

வச்சுட்டா. நான் மறுபடி ஸ்க்ரூவைத் தேடறேன். அந்தப் பையன் என் போனை எட்டிப் பார்த்துட்டுச் சாதாரணமாக் கேட்டான்: “உங்க எஸ்டேட்டுல மழையே இல்லையாண்ணே? நல்ல வெயிலடிக்குது.”

படத்தைப் பார்த்தேன். பாதை காய்ஞ்சு கிடக்கு. பல்புக் கம்பத்தோட நிழல் மண்ணுல நீளமா விழுந்திருக்கு.

கர்த்தாவே.

படம் எப்ப வந்ததுன்னு பார்த்தேன். மூணு அம்பத்திரண்டு. ஒண்ணேகால் மணி நேரமா அது செத்துக் கிடக்கு. செத்துப் போனா பல்பு எரியாது. எரியலைன்னா போலாம்னு ஊருக்கெல்லாம் சொல்லிவச்சவன் நான்.

லில்லிக்குப் போட்டேன். அடிச்சுது, எடுக்கலை. எங்க வீட்டுல ஜன்னல் கம்பியில தொங்கவிட்டாத்தான் போனுக்குச் சிக்னல். அவ அடுப்படியில இருப்பா, மழைச் சத்தத்துல கேட்காது. ஏழு தடவை போட்டேன். ஆபீசுக்குப் போட்டேன், யாருமே எடுக்கலை. கடையைத் திறந்தபடியே போட்டுட்டு வண்டியை எடுத்தேன். “அண்ணே, என் போனு!” அப்படின்னு அந்தப் பையன் பின்னாடியே கத்தறான்.

ஒம்பது கிலோமீட்டர். எப்படி ஓட்டினேன்னு தெரியாது. வாய்விட்டுக் கத்திக்கிட்டே போனேன். அபி, இறங்காதே, அபி, இறங்காதே. ஜெபம்கூட வரலை, அது மட்டும்தான் வந்துச்சு. வழியில எதிர்ல பஸ் வந்துச்சு. எங்க பஸ்தான். காலி. இறக்கிவிட்டுட்டுத் திரும்பி வருது. டிரைவர் அண்ணன் கையாட்டிட்டுப் போனார்.

ஸ்டாப்புல யாரும் இல்லை. மழை தூறலா ஆயிருந்துச்சு. வண்டியைப் பாதையில விட்டேன், ஹாரனை அமுக்கின கையை எடுக்கலை. வளைவு வந்தப்ப கண்ணை மூடிட்டேன். நிஜமாவே மூடிட்டேன். பாதையில பிள்ளையோட பை கிடக்குமோன்னு பார்க்க பயம்.

ஒண்ணும் கிடக்கலை.

வீட்டுல ஆறு பேரும் வரிசையா உட்கார்ந்து டீயில பன்னைத் தோய்ச்சுத் தின்னுக்கிட்டு இருந்தாங்க. அபிஷா தலையை லில்லி துவட்டிக்கிட்டு இருந்தா. “என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? எதுக்கு இத்தனை ஹாரன்?”

“ஒண்ணுமில்லை. பிரேக் பிடிக்கலை” அப்படின்னேன்.

பம்ப் ரூமுக்கு அப்பவே போயிருக்கணும். போகலை. இருட்டிக்கிட்டு வந்துச்சு, எனக்குப் பயமா இருந்துச்சு. மிஷினுக்கு இன்னிக்கு லீவு, யாரும் வெளியே வராதீங்கன்னு லைன்ல சொல்லிட்டு வந்து படுத்துட்டேன்.

நவம்பர் 3, வெள்ளி

காலையில வெளிச்சம் வந்ததும் தனியாப் போனேன்.

பாதை முழுக்கச் சேறு. பிள்ளைங்க ஷூ தடம் வரிசையா வருது. அபிஷாவோடது எனக்குத் தெரியும், வலது காலை லேசா இழுத்துப் போடுவா. வளைவுக்கிட்ட அந்தத் தடம் பாதிதான் தெரியுது. மீதிப் பாதி மேல முறம் அளவுக்கு ஒரு பெரிய பள்ளம், அதுல தண்ணி. தேயிலைக்குள்ள இருந்து ஏறி, பிள்ளைங்க தடத்து மேல மிதிச்சு, ஓடைக்கு இறங்கியிருக்கு. சாணி புதுசு. தேயிலைக்குள்ள செடியெல்லாம் படுத்துக் கிடக்கு. ரொம்ப நேரம் அங்கேயே நின்னுருக்கு.

எவ்வளவு நேரம் பின்னாடி மிதிச்சிருக்கும்? அஞ்சு நிமிஷம்? ஒரு நிமிஷம்?

காலால அந்தப் பள்ளத்தைத் தேய்ச்சு மூடினேன். யாராவது பார்த்துருவாங்கன்னு.

நவம்பர் 4, சனி

மறுபடி கோயம்புத்தூர். அதே கடை. அடாப்டர் கேட்டேன். அந்த மனுஷன் ஒண்ணுமே கேட்காம எடுத்துக் கொடுத்தார். கேட்டிருந்தாலாவது தேவலை.

மாட்டிட்டு, அந்த ஒரு வரியை அழிச்சுட்டுப் பார்த்தேன். மூணு மணி நேரம் ஓட்டினேன். மஞ்சள் மின்னல் ஒரு தடவைகூட வரலை. அது என்னன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். கரண்ட் பத்தலைன்னு அர்த்தம். படிச்சுட்டுத்தான் மறைச்சேன். தெரியாம செஞ்சேன்னு இந்த டைரியில எழுதிவைக்க நாலு தடவை பேனா எடுத்தேன்.

பல்பையும் மாத்திட்டேன். பாதை காலியா இருந்தா இனி பச்சை விட்டு விட்டு எரியும். நின்னு போச்சுன்னா இருட்டு. இருட்டுன்னா யாரும் இறங்கக் கூடாது. இதை முதல் நாளே செஞ்சிருக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை.

ஆனா பச்சை எதுக்கு, சிவப்பு என்ன ஆச்சுன்னு கேட்பாங்களே. மாமா வீட்டு வாசல் வரைக்கும் போனேன். கௌதமுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தார். “வா மாப்ள, சாப்பிடு” அப்படின்னார். வேற வேலை இருக்குன்னு திரும்பிட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

கோயில்ல பாவ அறிக்கை சொல்றப்ப என் வாய் மட்டும் அசைஞ்சுது.

சாப்பாடு முடிஞ்சு லில்லி பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தா. அபிஷா தரையில படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்தா. இனி தாங்காதுன்னு சொல்லிட்டேன். சார்ஜரு, மின்னல் குறி, செத்துப்போன படம், தடம், காலால மூடினது எல்லாம். லில்லி பூண்டு உரிக்கறதை நிறுத்திட்டா. திட்டுவான்னு பார்த்தேன். திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

அபிஷா தலையைத் தூக்கினா. அவ கேட்டுக்கிட்டு இருக்கான்னே நான் நினைக்கலை.

“அப்ப அது பெரியவர்தானாப்பா?”

“எது?”

“தேயிலைக்குள்ள நின்னுச்சே. கிட்டத்துல. காது ஆடுச்சு. கௌதம் அழுதுட்டான், ஸ்டாப்புக்கே ஓடிடலாம்னான். எல்லாரும் ஓடப் பாத்தாங்க.” பென்சிலைக் கீழே வச்சுட்டு எழுந்து உட்கார்ந்தா. “நான்தான் விடலை. லைட்டு எரியலை, அப்ப அது பெரியவர் இல்லை, எங்கப்பா பார்த்துக்கிட்டே இருக்காருன்னு சொன்னேன். எல்லாரையும் நான்தான்ப்பா அது பக்கத்துலேயே கூட்டிட்டு வந்தேன்.”